கோபம் இல்லை மலர், வாய்ப்புண்

அன்புத் தங்கை மலருக்கு,

கிள்ளானிலிருந்து அக்கா சீதாலெட்சுமி எழுதுவது. இங்கு என் வாயைத் தவிர எல்லாம் சுகம். உன் வீட்டில் எல்லார் வாயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

மூணு மாசமாக அக்கா போன் எடுக்கவில்லை, என்மேல் கோபம் என்று உங்கள் செமினி ஊர் பூரா சொல்லி அழுகிறாயாம். கோபமெல்லாம் இல்லை, வாய்ப்புண். உன் மாமா போன மறுவாரம் நாக்கோரத்தில் ஒன்று வந்தது, அது ஆறுமுன் உதட்டுக்குள் இரண்டு, அது ஆறினால் ஈறில் ஒன்று, ஒரு சொல் பேசினாலும் மிளகாய் தேய்த்த மாதிரி எரியும். உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். பக்கத்து வீட்டு இராஜம்மா, "டுரியான் பழம் தின்னீங்களாக்கா? சூடாச்சே" என்றாள். புருஷன் செத்த வீட்டில் டுரியானா? கிளினிக்கில் சத்துக் குறைவு என்று மாத்திரை, சீன மருந்துக் கடையில் கசப்புத் தண்ணி. பாசாரில் மணத்தக்காளிக் கீரை விற்பவர்கூட, "கவலைதான்க்கா காரணம்" என்றார். அது சரிதானே என்று இருந்துவிட்டேன். பல்செட் ஆடியதையும், துக்கத்தில் ஈறு வற்றிவிட்டது என்றே நினைத்தேன்.

போன மாதம் இராஜம்மா என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். மலாய்க்காரப் பெண். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்டி, இனி கிகி சியாப்பா?" என்றாள். யாருடைய பல் என்று கேட்கிறாள்!

"என்னோடதுதான் லா!"

"ஆம்பளை சைஸாம்க்கா" என்றாள் இராஜம்மா.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது மலர். வாய்க்கரிசி போடுமுன், "மாமா வாய் ஒட்டிப் போயிருக்குக்கா, பல்லை மாட்டு" என்றது நீதான். பாத்ரூமில் இரண்டு கிளாஸ், ஒன்றில் அவர் பல்செட், ஒன்றில் என்னுடையது. அழுகையில் எதை எடுத்தேனோ. "சிரிச்ச முகமாவே போறாருக்கா" என்று நீ மாரில் அடித்துக்கொண்டாயே, அது என் சிரிப்பு. என் பல்லோடு அவரை எரித்துவிட்டு, அவர் பல்லால் நான் சோறு தின்றிருக்கிறேன். உயிரோடு இருந்தபோதும் அந்த மனுஷன் என்னைப் பேசவிட்டதில்லை, போன பிறகும் விடவில்லை.

இனி இதை மாட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். புதுசு வந்துவிட்டது, புண்ணும் ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வா. அஸ்தி கரைத்த இடத்திலேயே அந்தப் பல்லையும் விட்டுவிடுவோம். அன்றைக்கு வாய் நிறையப் பேசுகிறேன்.

உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சொந்தப் பல்லோடு நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா சீதாலெட்சுமி

பின்குறிப்பு: கடலில் விடப் போகிறோமே என்று நேற்று கடைசியாக ஒருதரம் மாட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் வாய் மட்டும் அவர் மாதிரியே இருந்தது. கழற்ற மனசு வரவில்லை. இன்று காலை நாக்கோரத்தில் ஒன்று வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வராதே. போனும் பண்ணாதே.