நாலு மூலை மஞ்சள்

கடைசிப் பையின் கடைசி மூலையிலும் மஞ்சள் பொட்டு வைத்துவிட்டு, தையல்நாயகி மோதிர விரலைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டாள். கூடம் முழுக்க வெள்ளைத் தாம்பூலப் பைகள். சோபாவில், தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில், சாப்பாட்டு மேஜையில், எங்கும் பைகள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரும் கையுமாக உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார் அவள் கணவர் தட்சிணாமூர்த்தி.

"இதெல்லாம் யார் வீட்டுக்கு?"

"மறந்துட்டீங்களா? அருள்மேரி அக்கா பொண்ணு ஜெசிந்தா கல்யாணத்துக்கு."

"எங்கே கல்யாணம்?"

"அவங்க சர்ச்சிலதான். வேற எங்கே?"

அவர் ஒரு பையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "சர்ச் கல்யாணத்துக்கு எதுக்கு மஞ்சள்?"

தையல்நாயகி அந்தப் பையைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். பிறகு தொலைக்காட்சிப் பெட்டியின் தலையைப் பார்த்தாள். நூறு பைகள், ஒவ்வொன்றிலும் நாலு மூலை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. சேலையூரில் அந்த வீட்டுக்குள் எது புதிதாக நுழைந்தாலும் நாலு மூலையில் மஞ்சள் வைக்காமல் அவள் கை ஓயாது. தினசரி காலண்டர், மகளின் பாடப் புத்தகம், தவணையில் வந்த ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. டெலிபோன் வந்த அன்று, கனெக்‌ஷன் கொடுக்க வந்த ஆள் கருவியைக் கீழே வைப்பதற்குள் வைத்துவிட்டாள். அது யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. ஆண்டர்சன் தெருவில் வாங்கிய கெட்டிக் காகிதத்தை மடித்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையால் ஒட்டி, வாய் ஓரத்தில் தங்க ஜரிகை வைத்து, கம்பளி நூலில் கைப்பிடி கோத்ததும், விரல் தானாக மஞ்சள் கிண்ணத்துக்குப் போய்விடும்.

"ஐயையோ! அக்கா என்ன நினைப்பாங்க?"

"என்ன சொல்லி ஆர்டர் குடுத்தாங்க?"

தையல்நாயகி அதை நினைத்துப் பார்த்தாள். அருள்மேரி மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறாள், நர்ஸ். தையல்நாயகியின் பிரசவத்தின்போது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள். அன்றிலிருந்து அக்கா. போன மாதம் வந்தபோது அவள் முகம் சரியாக இல்லை.

"உன் நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்குச் செஞ்சியே, அதே மாதிரி செஞ்சு குடு தையல். கூடவும் வேணாம், குறையவும் வேணாம். மாப்பிள்ளை பாபு தங்கமான பையன். அவங்கம்மாதான் ரொம்பக் கண்டிப்பு. வெள்ளிக்கிழமையானா பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாங்க, அவ்வளவு பக்தி. எந்த நிமிஷம் கல்யாணம் வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வராங்க. பையைக் கண்ணால பார்க்கணுமாம்."

இதைச் சொல்லும்போது அருள்மேரியின் கண் கலங்கியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான்.

"அவ்வளவு பக்தியான சம்பந்தியம்மா கையில இந்த மஞ்சள் பையைக் குடுத்தா என்ன ஆகும்? கல்யாணமே நின்னுடும். அப்புறம் அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"மூலையை வெட்டிடலாமே?"

"வெட்டினா தேங்காய் கீழே விழும்."

"டென்ஷன் ஆகாதே தையூ. கெமிஸ்ட்ரி படிச்சவன் எதுக்கு இருக்கேன்? நீ போய் குக்கரை இறக்கு."

அவள் குக்கரை இறக்கி, ரசத்துக்குத் தாளித்துவிட்டு வருவதற்குள் தட்சிணாமூர்த்தி வேலையைத் தொடங்கிவிட்டார். அவர் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க். எந்த வேலையையும் இரண்டாகப் பிரித்துச் செய்கிறவர். சோப்புத் தூள் கரைத்த தண்ணீரைப் பழைய டூத் பிரஷ்ஷால் எல்லாப் பைகளுக்கும் தடவி முடிப்பது முதல் கட்டம், எல்லாவற்றையும் துடைத்து எடுப்பது இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தைப் பிசகில்லாமல் முடித்துவிட்டு, இரண்டாம் கட்டத்துக்குத் துணி தேடிக்கொண்டிருந்தார்.

தையல்நாயகி கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். மஞ்சள் பொட்டுகளின் நடுவில் பளிச்சென்று சிவப்பு பூத்திருந்தது. சுற்றிலும் ஒரு மஞ்சள் வளையம்.

"சோப்பா போட்டீங்க?"

"ஆமா. அழுக்குக்கு வேற எதைப் போடுவாங்க?"

"வெள்ளை வேட்டியில சாம்பார் கொட்டினா, சோப்பு பட்டதும் செவக்குமே, பார்த்ததே இல்லையா நீங்க?"

"வேட்டியை நான் என்னைக்குத் துவைச்சேன்?"

நியாயமான பதில்தான். அதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த நேரம்தான் சரியில்லை.

"மஞ்சளாவது பரவாயில்ல, வீட்டு வழக்கம், கை தவறிடுச்சுன்னு சொல்லியிருப்பேன். இப்போ குங்குமம் வெச்ச மாதிரி ஆக்கிட்டீங்களே! கெமிஸ்ட்ரியாம் கெமிஸ்ட்ரி!"

தட்சிணாமூர்த்தி சிறிது நேரம் பேப்பருக்குள் இருந்தார். பிறகு எழுந்து போய், மகளின் கான்வாஸ் ஷூவுக்குப் போடும் வெள்ளைப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.

"சேறு பட்ட ஷூவையே வெளுப்பாக்குது. இது என்ன பிரமாதம்?"

தையல்நாயகிக்கு வேறு வழி தோன்றவில்லை. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து பூசினார்கள். ஈரமாக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. ஃபேன் காற்றில் காய்ந்ததும் வெள்ளை வெடித்துப் பொடியாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து சிவப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. உதிர்ந்த பொடி ஜரிகை மேலெல்லாம் படிந்தது.

அவர் ஒரு சிட்டிகைப் பொடியை விரலில் எடுத்துப் பார்த்தார். "திருநீறு மாதிரியே இருக்கு, இல்லே?"

"வாயை மூடுங்க."

மூடிக்கொண்டார்.

மூலையை மறைத்தே ஆக வேண்டும். எதை வைத்து மறைப்பது என்று யோசித்தபோதுதான் அவளுக்கு லில்லிப் பூ ஞாபகம் வந்தது. அருள்மேரி வீட்டு மாதா படத்தில் காலடியில் வெள்ளை வெளேரென்று லில்லி இருக்கும். வெள்ளை க்ரேப் காகிதத்தில் லில்லி செய்து மூலைக்கு ஒன்றாக ஒட்டிவிட்டால், பார்க்கவும் லட்சணம், சம்பந்தியம்மா மனசும் குளிரும்.

முதல் பத்து லில்லிகள் லில்லிகளாகவே வந்தன. ஐம்பதுக்குப் பிறகு இதழ் சிறுத்தது. கணவர் உதவிக்கு வந்தபின் அவை மொட்டாகி, கடைசியில் சுருட்டித் திருகிய வெள்ளை முனைகளாக நின்றன. சாப்பாடு ஆறிப்போயிற்று. மணி மூன்று ஆகும்போது கடைசிப் பூவையும் ஒட்டிவிட்டு இருவரும் நிமிர்ந்தார்கள்.

"பிரமாதம்" என்றார் தட்சிணாமூர்த்தி. பிறகு அவர் நெற்றி சுருங்கியது. "தையூ, அந்தம்மா ரொம்பக் கண்டிப்புன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"எங்க ஆபீஸ் ஏசுபாதம் வீட்டுலயும் அப்படித்தான். ரொம்பக் கண்டிப்பான சபை. நகை போட மாட்டாங்க. கல்யாணத்தன்னைக்குக்கூடப் பூ வெக்க மாட்டாங்க. பூன்னாலே ஆகாது."

தையல்நாயகி கையில் பசைக் கிண்ணத்தோடு அவரையே பார்த்தாள். "இதை முதல் பூ செய்யறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?"

"இப்பத்தானே ஞாபகம் வருது!"

பூவைப் பிய்த்தால் குங்குமம். விட்டால் பூ. புதிதாகச் செய்ய நேரமும் இல்லை, காகிதமும் இல்லை. ஏசுபாதம் வீட்டுச் சபை வேறு, இவர்கள் சபை வேறாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பைகளை இரண்டு பழைய புடவைகளில் மூட்டை கட்டினாள்.

ஸ்கூட்டரில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் மடியில் ஒரு மூட்டை. ரயில்வே கேட் போட்டிருந்தது. ஒரு மின்சார ரயில் போனது. கேட்டைத் திறக்கவில்லை. நெல் லாரிக்குப் பின்னால், புழுக்கத்தில், இன்னொரு ரயிலுக்காக நின்றார்கள். தையல்நாயகி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். விரலில் ஒரு லில்லி ஒட்டிக்கொண்டு வந்தது.

"பசை காயலைங்க. கழண்டு கழண்டு வருது."

"வண்டி போகும்போது காத்துல காஞ்சிடும்."

"அதுக்கு வண்டி போகணுமே!"

அருள்மேரி வாசலிலேயே காத்திருந்தாள். பட்டுப் புடவை கட்டியிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"வந்துட்டியா? அவங்க முன்னாடியே வந்துட்டாங்க, அரை மணி நேரம் ஆச்சு. பையைப் பார்த்துட்டுத்தான் காபியையே தொடுவேன்கிறாங்க. நான் சொன்ன மாதிரியே செஞ்சிருக்கேல்ல?"

"அக்கா, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு. வேணும்னு செய்யல, சத்தியமா..."

"அப்புறம் பேசிக்கலாம், உள்ளே வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிரசவத்தின்போது பிடித்த அதே பிடி.

கூடம் நிறைய ஆட்கள். உள்ளறைத் திரையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா நின்றிருந்தாள். அழுதிருந்தாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. தையல்நாயகியின் கண் சம்பந்தியம்மாவைத் தேடியது. இயேசு படத்துக்குக் கீழே, காலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டோடும் தலை நிறைய மல்லிகையோடும் பருத்த அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்து வீட்டுக்காரி போலும். அவளுக்கு எதிரே, ஓரமாக, வெள்ளைப் புடவையில், நகையோ பூவோ இல்லாமல், சிரிப்பும் இல்லாமல் ஒல்லியாக ஓர் அம்மாள். சந்தேகமே இல்லை. ஏசுபாதம் வீட்டுச் சபையேதான்.

தையல்நாயகி இருப்பதில் ஒழுங்கான பையாகப் பொறுக்கி, கழன்றுகொண்டிருந்த பூவைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, வெள்ளைப் புடவை அம்மாளிடம் குனிந்து நீட்டினாள்.

"நல்லா இருக்குதும்மா" என்றாள் அந்த அம்மாள், கொஞ்சம் திகைத்து. "ஆனா என்கிட்ட எதுக்குக் காட்டறே? நான் ஜெசிந்தாவோட அத்தை."

"இப்டி குடும்மா அதை" என்று எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது.

குங்குமப் பொட்டு அம்மாள் பையை வாங்கினாள். அருள்மேரி அவசரமாகத் தையல்நாயகியின் காதில், "அவங்கதான். பச்சையம்மா. மாடம்பாக்கம்" என்றாள். அருள்மேரி சொன்னது காதில் விழுந்தது. மூளைக்குப் போய்ச் சேரவில்லை. ஏனென்றால் அதற்குள் பச்சையம்மா பையை வெளிச்சத்தில் பிடித்து, முதல் மூலையைத் தேடி, லில்லியை நகத்தால் நெம்பிவிட்டாள். அது கையோடு வந்தது. அடியில் சிவப்பு. சிவப்பைச் சுற்றி மஞ்சள் வளையம்.

இரண்டாவது மூலையையும் நெம்பினாள். பிறகு மூன்றாவது. திரைக்குப் பின்னால் ஜெசிந்தாவின் வளையல் ஒன்று சத்தம் போட்டு நின்றது.

"அது வந்தும்மா... எங்க வீட்டுக்காரர் சோப்புப் போட்டு..." என்று தொடங்கினாள் தையல்நாயகி. தட்சிணாமூர்த்தி வாசல் பக்கமாக இரண்டடி நகர்ந்திருந்தார்.

பச்சையம்மா காகிதப் பூவை முகர்ந்து பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த ஷூ வெள்ளையைப் பார்த்தாள். கண்ணை மூடி, அதை நெற்றியில் ஒரு கோடாக இழுத்துக்கொண்டாள். பிறகு அருள்மேரியின் பக்கம் திரும்பினாள்.

"நாலு மூலையில மஞ்சள் இருந்தாத்தான் சர்ச்சுக்குள்ள கால வெப்பேன்னு மஞ்சள் ஒண்ணுதானே கேட்டேன் சம்பந்தியம்மா, இந்தம்மா இன்னாடான்னா குங்குமம், மல்லிப்பூ, துண்ணூறுன்னு ஒண்ணு வுடாம வெச்சு எடுத்தாந்துகீது! எங்க என் மருமவ, வரச் சொல்லு!"