அரக்குப் பெட்டி

சின்ன பைக்குக்குப் பின்னாடி ஒரு பொட்டி வாங்குறதுங்கிறது அவசரப்பட்டு எடுக்குற முடிவு இல்லீங்க. பொண்ணு பாக்குறதையாவது ஒரு சாயங்காலத்துல முடிச்சிடலாம். பொட்டிக்கு அகலம் பாக்கணும், பூட்டு பாக்கணும், அதைப் பத்தி நாலு பேரு போட்ட வீடியோ பாக்கணும், அந்த நாலு பேரையும் திட்டி அஞ்சாவது ஆள் போட்ட வீடியோவையும் பாக்கணும்.

எனக்கு இதுல கொஞ்சம் வெறி உண்டு, ஒத்துக்கறேன். ஆனா தேவையும் இருந்துச்சு. எங்க அக்கா பல் செட் செய்றவ. வீட்டுப் பின்னறைதான் பட்டறை. டாக்டருங்க வாயில அளவெடுத்து அச்சு அனுப்புவாங்க. இவ மெழுகுல கட்டி, ரோஸ் கலர்ல ஈறு வச்சு, பல்லை ஒவ்வொண்ணா நட்டு, ராவி, பாலிஷ் போட்டு எடுப்பா. கொண்டு போய்ச் சேக்குறது நான். ஹாண்டில்பார்ல ஒரு துணிப்பை, பைக்குள்ள பல்லு. ஒவ்வொரு வேகத்தடையிலயும் அது கடகடன்னு என்னத் திட்டிக்கிட்டே வரும். இப்படித்தான் ஒரு செட்டுல முன்பல்லு தெறிச்சுப் போச்சு.

அந்த நேரம் பாத்து பெரிய கிளினிக் டாக்டரம்மா போன் பண்ணாங்க.

"ஒரு முக்கியமான ஆளுக்கு ஃபுல் செட் வேணும்மா. பேர மட்டும் கேக்காத, ரகசியம். வெள்ளிக்கிழமை காலைல அவரு மேடையில பேசணும். அதுக்கு முன்னாடி பல்லு அவரு வாயில இருக்கணும். ஒழுங்கா வந்துச்சுன்னா இனிமே எங்க கிளினிக் வேலை மொத்தமும் உனக்குத்தான்."

"வரலன்னா?"

"வேற ஆளு பாத்துக்குவேன்."

அக்கா போனை வச்சுட்டு என்னப் பாத்தா. "டேய், பைக்குக்கு ஒரு பொட்டி வாங்குடா. சின்னதா, ஆடாததா."

சின்னதாவாம்! என்கிட்ட வந்து!

நாங்க பைக் பிரியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வச்சிருக்கோம். பல்லு கொண்டு போக எது சிறந்ததுன்னு கேட்டேன். குழு ரெண்டாப் பொளந்துச்சு. சைடு பை நல்லதுன்னு ஒரு கட்சி. ஆனா சைலன்சர்ல ஒட்டி உருகிடும், வாசனை மட்டும்தான் ஊர் போய்ச் சேரும். டாங்க் மேல வைக்கிற பைதான் நல்லதுன்னு இன்னொரு கட்சி. அது இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரனை அமுக்கும். அதை ஒருத்தர் 'கூடுதல் பாதுகாப்பு அம்சம்'னு எழுதியிருந்தார்.

ரெண்டுல எதையும் வாங்காம, ஒரு அலுமினியப் பொட்டி வாங்கினேன். பாலைவனம், பனிமலை, ஆத்து வெள்ளம், மூணையும் தாங்கும்னு போட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவுல அந்த மூணும் இல்லதான். வந்துட்டா?

பொட்டிய மாட்டினதும் பைக்கோட முன்சக்கரம் லேசா வானத்தப் பாத்துச்சு. அக்கா சுத்தி வந்து பாத்தா. "பல்லு வைக்கத்தானேடா பொட்டி கேட்டேன்? யானைத் தந்தம் வைக்கிற மாதிரில்ல வாங்கிட்டு வந்திருக்க."

வெள்ளிக்கிழமை காலைல பல்லைப் பஞ்சுல சுத்தி உள்ள வச்சா. "எங்கயும் நிக்காத. எவன்கிட்டயும் வாயக் குடுக்காத."

நானா நிக்கல. நிப்பாட்டினாங்க.

அன்னைக்குன்னு பாத்து அரசாங்கம் 'பாதுகாப்பான சுமை வாரம்'னு ஒண்ணைத் துவக்கி வைக்குது. மைதானத்து வாசல்ல பந்தல், மேடை, மைக். நடுரோட்டுல ஒரு இன்ஸ்பெக்டர். அவரு பேசுறத விட ஊதுறது அதிகங்கிறதால ஊருக்கு அவரு 'விசில்'.

"பெட்டி வண்டிக்கு வெளிய நீட்டிட்டு இருக்கு."

"எவ்வளவு நீட்டலாம் சார்?"

"அது இன்னும் முடிவாகல. இன்னைக்கு மேடையில எங்க துறையோட பெரிய சார் அறிவிப்பார்."

"அப்போ இந்த நிமிஷம் இது தப்பு இல்லையே சார்?"

"தப்பா இல்லையான்னே தெரியாத பெட்டிய எப்படிய்யா ரோட்டுல விடுறது? தப்புன்னு தெரிஞ்சாலாவது எச்சரிச்சு அனுப்பலாம். உள்ள என்ன சரக்கு?"

"பல்லு சார்."

"யாரோடது?"

"அதைச் சொல்லக் கூடாது சார்."

"பல்லுக்குச் சொந்தக்காரர் சம்மதக் கடிதத்துல கையெழுத்து போட்டிருக்காரா?"

"அவரு இன்னும் பல்லே போடல சார்."

விசில் என் பொட்டிய ஆசையாத் தடவிப் பாத்தார். அப்புறந்தான் விஷயம் வெளிய வந்துச்சு. காட்சிக்கு வைக்க ஆபத்தான பெட்டி ஒண்ணு வேணும்னு மேலிடத்து உத்தரவு. காலைலேர்ந்து ஊதி ஊதி வாய் வலிச்சதுதான் மிச்சம், வர்றவன் எல்லாம் ஒழுங்கா வந்து தொலைச்சிருக்கான்.

"சார், பல்லை மட்டும் எடுத்துக்கறேன் சார். பொட்டிய நீங்களே வச்சுக்குங்க."

"ஆபத்தான பெட்டியத் திறக்குறது ஆபத்து."

அவ்வளவுதான். மெழுகுவத்தியக் கொளுத்தி, சிவப்பு அரக்கை உருக்கி, பூட்டு மேல சொட்டுச் சொட்டா விட்டு, டப்புன்னு ஒரு முத்திரை குத்தினார். ரெண்டு பேரு பொட்டியத் தூக்கி மேடை நடுவுல, மைக்குப் பக்கத்துல வச்சாங்க. 'அபாயம்'னு ஒரு அட்டை வேற.

அக்காவுக்கு போன் பண்ணினேன். அவ கத்தல. அதான் பயமா இருந்துச்சு. "பாலிஷ் மெஷினுக்கு இந்த மாசத் தவணை அந்த கிளினிக்க நம்பித்தான்டா சொல்லியிருக்கேன்"னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டா.

டாக்டரம்மாவுக்குப் பண்ணினேன். வெள்ளைக் கோட்டைக் கூடக் கழட்டாம ஓடி வந்தாங்க.

"தம்பி, பல்லு எங்க?"

"மேடையில இருக்கு மேடம்."

"என் பேஷன்ட்டும் மேடையிலதான்ப்பா இருக்காரு!"

ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தோம். பெரிய சார் ஒரு கையில கைக்குட்டைய வாயோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய என் பொட்டி மேல ஊனிக்கிட்டு நின்னுட்டிருந்தார். அவருக்கும் அவரு பல்லுக்கும் நடுவுல ஒரு தகடுதான். பனிமலையையே தாங்குற தகடு.

விசில்கிட்ட ஓடினேன். "சார், பெரிய சாரோட பல்லுதான் சார் அந்தப் பொட்டிக்குள்ள இருக்கு!"

"பெரிய சாருக்குப் பல்லு இல்லங்கிறியா? அவ்வளவு பெரிய பதவியில இருக்கறவருக்கு, அதுவும் பதவியில இருக்கும்போதே?"

"மேடம், நீங்களாவது சொல்லுங்க."

டாக்டரம்மா தொண்டையக் கனைச்சாங்க. "பேஷன்ட் விஷயத்தை நான் வெளிய சொல்லக் கூடாது. பொதுவா, பல்லுங்கிறது எல்லாருக்கும் முக்கியம்."

விசில் அதுக்குத் தலையாட்டினார். மேடையில பேச்சு ஆரம்பிச்சிடுச்சு.

பல்லு இல்லாத வாயில 'ச' நிக்காதுங்க. காத்தாப் போயிடும். பெரிய சார் சொல்ல வந்தது என்னவோ, "சாலையில் போகும்போது சரக்குப் பெட்டி பத்திரமா மூடியிருக்கணும். சரக்குதான் முக்கியம்"ங்கிறதுதான். மைக்குல வந்தது இதுதான்:

"ஆலையில் போகும்போது அரக்குப் பெட்டி பத்திரமா மூடியிருக்கணும். அரக்குதான் முக்கியம்!"

சொல்லிட்டு என் பொட்டி மேல டொம்முன்னு ஒரு தட்டு. அவரு கை விழுந்த இடத்துல சிவப்பா அரக்கு முத்திரை. எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. கைதட்டல் அடங்கவே இல்ல. குறிப்பெடுக்கிற கிளார்க்கம்மா 'அரக்கு'க்குக் கீழ ரெண்டு கோடு போட்டாங்க.

(இருங்க, பின்னறையில ஃபியூஸ் போச்சுன்னு அக்கா கூப்பிட்டா, மாட்டிட்டு வந்தேன். ஆங், மேடை.)

கூட்டம் முடிஞ்சதும் பந்தலுக்குப் பின்னாடி, டாக்டரம்மா காட்டின ஜாடையில, பெரிய சாரே முத்திரைய உடைச்சார். பஞ்சைப் பிரிச்சோம். ஒரு பல்லு கூட அசையல! டாக்டரம்மா மாட்டி விட்டாங்க. கடிச்சுப் பாத்தார், நாக்கைச் சுழட்டினார், முகத்துல அப்படி ஒரு தெளிவு. முதல் வார்த்தை மணி மாதிரி வந்துச்சு.

"சரக்கு! சரக்குன்னுதாம்மா சொன்னேன்!"

கிளார்க்கம்மா ஏட்டைப் புரட்டினாங்க. "அரக்குன்னு பதிவாயிடுச்சுங்கய்யா. மாத்தலாம். ஆனா மாத்துறதுக்குக் காரணம் காட்டணும். உரை நிகழ்த்துற சமயத்துல அய்யா அவர்களுக்கு 'ச' வரவில்லைன்னு எழுதலாமா? ஏன் வரலன்னு மேல கேப்பாங்க."

பெரிய சார் டாக்டரம்மாவப் பாத்தார். என்னப் பாத்தார். பொட்டியப் பாத்தார்.

"அரக்குன்னே இருக்கட்டும்."

கிளினிக் வேலை அக்காவுக்கே கிடைச்சுது. அது நல்ல செய்தி. கூடவே சுற்றறிக்கையும் வந்துச்சு. அரக்குன்னா அரக்குக் கலரா, அரக்கு முத்திரையான்னு அதிகாரிகளுக்குள்ள ஒரு சந்தேகம். எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டையும் போட்டுட்டாங்க. 'இருசக்கர வாகனங்களில் பொருத்தப்படும் பெட்டி யாவும் அரக்கு வண்ணத்தில் இருத்தல் வேண்டும்; துறையின் அரக்கு முத்திரையிடப்பட்டிருத்தல் வேண்டும்; முத்திரையை உடைத்தல் குற்றமாகும்.' ஆலைகளுக்கும் பொருந்தும்னு கீழ ஒரு வரி.

அதாவது பொட்டி மாட்டலாம். திறக்கக் கூடாது.

ஊரு கொதிக்கும்னு பாத்தேன். அட நீங்க வேற! பொட்டியே இல்லாதவன் எல்லாம் வாங்கி மாட்டினான். அரக்குக் கலர் காத்தைக் கிழிக்குதுன்னு எங்க குழுவுல ஒருத்தர் வீடியோ போட்டார். முத்திரை ஒண்ணு போட்டவனை ரெண்டு போட்டவன் ஏளனமாப் பாக்குறான். பளபளன்னு மின்னுற அரக்கு தனியா விக்கிது. நானும் விரிவா ஒரு மதிப்புரை எழுதினேன், தலைப்பு 'திறக்க முடியாததன் அழகு'. நல்ல வரவேற்பு.

நேத்து விசில் மறுபடி நிப்பாட்டினார். முத்திரைய நகத்தால தட்டிப் பாத்தார்.

"உள்ள என்ன?"

"ஒண்ணுமே இல்ல சார்."

"இப்படித்தான் இருக்கணும். கெளம்பு."

வேகத்தடை வந்துச்சு. ஹாண்டில்பார்ல துணிப்பைக்குள்ள பல்லு கடகடன்னு சிரிச்சுது. கிளினிக்ல போய்ப் பிரிச்சா, முன்பல்லு ஒண்ணைக் காணோம். டாக்டரம்மா செட்டை அப்படியே என் கையில திருப்பிக் குடுத்தாங்க. "இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா, அக்காவ என்னப் பாக்கச் சொல்லு தம்பி."

வீட்டு வாசல்ல அக்கா அந்த உடைஞ்ச செட்டைக் கையில வச்சுக்கிட்டு, வண்டிக்குப் பின்னாடி பளபளன்னு நிக்கிற பொட்டிய மேலயும் கீழயும் பாத்தா.

"அரக்கு இருக்கு"ன்னா. அப்புறம் என் ஹெல்மெட்ல கொட்டு வைக்கிற மாதிரி ரெண்டு தட்டு தட்டினா. "சரக்குதான்டா இல்ல. உனக்கு மட்டும்னு நெனைக்காத, ஊருக்கே."

ஹெல்மெட்டை எதுக்குத் தட்டினான்னு முதல்ல எனக்குப் புரியல. அப்புறம் கழட்டிப் பாத்ததும் சுளீர்னு உறைச்சுது. பொட்டி அரக்கு, ஹெல்மெட் இன்னும் கறுப்பு!

உடனே குழுவுல கேட்டுட்டேன். இதுவரைக்கும் நாப்பது பேரு அரக்குக் கலர் ஹெல்மெட் எங்க கிடைக்கும்னு என்னையே திருப்பிக் கேக்குறாங்க.