கவின் பெயரில் நான் ஜெயித்த தேர்தல்

காலை மணி 7.42. பசியாற வாங்கிய நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்த கையோடு கைப்பேசியைத் திருப்பினேன். திரையில் முதலில் தெரிந்த வரி: "ஹாய் கவின்! புதிய மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்கு நல்வரவு!"

கவின் என் மகன். அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். எண் என்னுடையது. பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவள் நான். மாணவரின் கைப்பேசி எண் கேட்ட இடத்தில் என் எண்ணைப் போட்டுவிட்டேன். (அவன் எண்ணுக்கு அழைத்தால் யார் எடுப்பது?) "நான் கவினுடைய அம்மா" என்று உடனே பதில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் நாளிதழில் வேலை பார்த்தவளுக்கு, தகவல் தானாக வந்து விழும் இடத்தைவிட்டு எழுந்துபோக மனம் வருமா? இரண்டு நாள் படித்துவிட்டு வெளியேறுவதாகத்தான் திட்டம்.

மூன்றாம் நாள், விடுதி அறைகளில் மின்விசிறியே இல்லை என்று ஒரு வதந்தி கிளம்பியது. பிள்ளைகள் அலறினார்கள். நான் விடுதி அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தேன். பிறகு கவினாக எழுதினேன்: "அறைக்கு ஒரு மின்விசிறி உண்டு. அலுவலகம் இன்று காலை 10.15க்கு உறுதிப்படுத்தியது. வதந்தி பரப்ப வேண்டாம்."

"ப்ரோ, நீ போலீஸா?" என்று ஒருவன் கேட்டான்.

அன்றிலிருந்து எல்லாச் சந்தேகங்களும் கவினிடமே வந்தன. எத்தனை உள்ளாடை எடுத்துப் போவது என்று ஒரு பையன் கேட்டான். "ஆறு போதாது. பத்து. மழைக்காலத்தில் துணி காயாது" என்று எழுதினேன். சிரிக்கும் மஞ்சள் முகங்கள் திரையை நிரப்பின. நான் நகைச்சுவைக்காக எழுதவில்லை.

சேகரித்ததையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கவினிடம் ஒப்பித்தேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"செய்தி மூலத்தை வெளியே சொல்லக்கூடாது."

"நான் யூனிக்குத்தான்மா போறேன். கொலைக் கேஸ் மாதிரி விசாரிக்காதீங்க லா."

பதிவு நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. தொடக்க விழாவில் உறுதிமொழி வாசிக்க ஒரு மாணவர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்படி மூத்த மாணவர்கள் கேட்டார்கள். யாரோ கவின் பெயரைப் போட்டுவிட்டார்கள். "எனக்கு இதில் விருப்பமில்லை. தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள்" என்று எழுதினேன். அரசியல்வாதிகள் இப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று ஆண்டுக்கணக்கில் செய்தி எழுதியவள் நான். பிள்ளைகளும் அதே பொருளில்தான் எடுத்துக்கொண்டார்கள். போட்டியின்றி ஜெயித்தேன்.

பதிவு நாளன்று கிள்ளானிலிருந்து கணவர் காரை ஓட்டினார். ஷா ஆலாம் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பின் இருக்கையிலிருந்து கவின் பேசினான்.

"ஸ்கூல்ல அஞ்சு வருஷமும் நான் செயலாளர் மகன்தான். யாருக்கும் என் பேரே தெரியாது. அங்க உங்களை ஒருத்தருக்கும் தெரியாதில்ல? அது போதும்மா எனக்கு."

(பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் நான்தான்.) வாயை மூடிக்கொண்டேன்.

மண்டப வாசலில் அவனுடைய பெயர் அட்டையைப் பார்த்ததும் மூன்று தமிழ்ப் பையன்கள் பாய்ந்து வந்தார்கள்.

"கவின்! ப்ரோ! பத்து கொண்டாந்தியா?"

"என்ன பத்து?"

"டேய், நேர்லயும் சிரிக்காமலே ஜோக் அடிக்கிறான்டா!"

உள்ளே போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் மேடையிலிருந்து அவன் பெயரை அழைத்தார்கள். இருநூறு பேர் கால்களால் தரையைத் தட்டினார்கள். கவின் அசையவில்லை. பக்கத்துப் பையன் கைப்பேசியில் குழுவைத் திறந்து அவனிடம் காட்டினான். 'கவின்' என்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்த படம், எங்கள் வீட்டு ரோஜாத் தொட்டி. அவன் காது சிவந்ததைப் பதினைந்து வரிசை தள்ளியிருந்த என்னாலும் பார்க்க முடிந்தது. கைப்பையைத் தேடுவதுபோல் நாற்காலிக்கடியில் குனிந்தேன்.

"என்ன லா செஞ்சே?" என்றார் கணவர். அவருக்கு விவரம் எதுவும் தெரியாது. என்னைத் தெரியும்.

கவின் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தான். "நீங்க தேர்ந்தெடுத்தது என்னை இல்லை, எங்கம்மாவை" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான். "கடைசிக்கு முந்தின வரிசை. நீல பஞ்சாபி சூட். இப்போ குனிஞ்சிருக்காங்க."

இருநூறு தலைகள் திரும்பின. நிமிர்ந்து உட்கார்ந்து கையசைத்தேன். (வேறென்ன செய்வது?) கூரை பெயர்ந்து விழும் அளவுக்குச் சிரிப்பு. அவன் மட்டும் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அன்று மாலையே மறுதேர்தல். பிடித்தவர் பெயரைக் குழுவில் எழுத வேண்டும். கவின் தன் சொந்த எண்ணில் சேர்ந்து, தானே போட்டியிட்டான். ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஒரு பெண் ஜெயித்தாள். கவினுக்குப் பதினொரு வாக்குகள். வேட்பாளரே அல்லாத எனக்கு, 'கவின் அம்மா' என்ற பெயரில், இருபத்தாறு. அதை எண்ணி முடித்த பிறகுதான் நான் குழுவிலிருந்து வெளியேறினேன்.

நாடாளுமன்ற உறுப்பினர்களை நாம் 'ஒய்.பி.' என்று அழைப்போமல்லவா? வீட்டில் இன்றுவரை என் பெயர் அதுதான். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில், "அண்ணே, ஒய்.பி.க்கு இன்னொரு அப்பளம்!" என்று கணவர் குரல் கொடுப்பார். பக்கத்து மேசைக்காரர்கள் பாதி எழுந்து வணக்கம் வைப்பார்கள். நானும் வைப்பேன்.

கவினுக்கு இது மூன்றாம் ஆண்டு. அன்று அவனுக்கு வாக்களித்த பதினொரு பேரில் மூன்று பேரோடு பூச்சோங்கில் வாடகை வீடு எடுத்துத் தங்கியிருக்கிறான். வீட்டு எண்ணை எனக்கு இன்னும் சொல்லவில்லை.