பாலகுரு கத்தியை வென்ற காதை

வாழ்க பாலகுரு! ஆமத்தூர் ஈன்ற அருந்தவப் புதல்வன், கம்பி மத்தாப்பு முதல் சங்குசக்கரம் வரை சிவகாசிச் சீமையின் பட்டாசுப் பெட்டிகளுக்கெல்லாம் படமெடுத்த கேமராக் கொற்றவன், கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கும் மாமன்மாரையும் மேடையேற்றிச் சிரிக்கவைக்கும் சொல்வல்லான், அவன் புகழ் வாழ்க! கேமரா வாரைத் தாங்கித் தாங்கிக் கன்னிப்போன அவன் தோளும் வாழ்க! விருதுநகர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த வர்த்தகக் கண்காட்சியில் அவன் ஒரு கத்தியோடு பொருத பெரும்போரை, ஐயன்மீர், அம்மைமீர், கைவேலையைச் சற்றே கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அது சாமானியக் கத்தியன்று. முற்பிறவியில் லாரியின் அடியில் ஸ்பிரிங் பட்டையாகக் கிடந்து, காரியாபட்டிச் சாலையின் பள்ளங்களையெல்லாம் முதுகால் அளந்து, லாரி செத்தபின் ஆவுடைத்தாயின் உலைக்களம் புகுந்து, கரியில் வெந்து, சம்மட்டிக்குப் பணிந்து, எண்ணெயில் குளித்து, கறி வெட்டும் கத்தியாக மறுபிறவி எடுத்தது. ஆவுடைத்தாய் அடித்தாள், அவள் கணவர் வெள்ளைத்துரை தேய்த்தார். தேய்த்தார் என்றால் அப்படித் தேய்த்தார், தலை சீவக் கண்ணாடி தேட வேண்டாம். அந்தப் பளபளப்புதான் பாலகுருவின் பிராணனை வாங்கப்போகிறது என்று பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

கண்காட்சி நிறைவு விழாவுக்கு ஒரு மலர் அச்சாகிறது. அதன் அட்டைக்கு, ஆவுடைத்தாய் போட்டிருந்த ஸ்டாலிலிருந்து இந்தக் கத்தியைத் தேர்ந்தெடுத்த விழாக்குழுவினர், படமெடுக்கும் பொறுப்பைப் பாலகுருவிடம் தந்து, உள்பக்கத்தில் ‘அட்டைப்படம்: பாலகுரு’ என்று போடுவதாக வாக்கும் கொடுத்திருந்தார்கள். அவன் எடுத்த பெட்டிப் படங்கள் இமயம் முதல் குமரி வரை போயிருக்கின்றன. ஒன்றிலாவது அவன் பெயர் போனதில்லை. அச்சில் தன் பெயரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவன் நெஞ்சு கிடந்து தவித்தது. அப்போதுதான் சிவகாசி அச்சகத்திலிருந்து லட்சுமிகாந்தம் போனில் பிரகடனம் செய்தார்.

“தம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள படம் வந்துரணும். பெறகு மெஷின்ல காலண்டர் லோடு ஏறிரும். வரலைன்னா எதுத்த ஸ்டால் மிக்சி படம் கையில இருக்கு, அதத் தூக்கி அட்டையில போட்டுருவேன். வருத்தப்படக் கூடாது.”

மிக்சியா! பாலகுரு எதிர் ஸ்டாலை நோக்கினான். அங்கே அது தேங்காய்ச் சட்னி அரைத்தபடி அவனைப் பார்த்து எக்காளமிட்டது. மீசை துடிக்க, மண்டபம் அதிர, அவன் வஞ்சினம் உரைத்தான்.

“இந்தப் படத்த எடுக்காம டீ குடிக்க மாட்டேன்க்கா!”

டீயில்லாமல் ஒரு நாழிகை தரித்தறியாத வாயிலிருந்து இச்சொல் பிறந்ததைக் கேட்டு ஆவுடைத்தாயே திகைத்துப்போனாள்.

முதற்போரில் அவனைக் கவிழ்த்தது அவன் கையேதான். பட்டாசுக் கம்பெனிக்குள் நுழைகிறவர்கள், உடம்பில் தேங்கிய மின்சாரம் பொறியாகத் தெறித்துவிடாதபடி, வாசலில் பதித்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். படமெடுக்கப் போய்ப் போய் அந்தப் பழக்கம் பாலகுருவுக்கு எலும்பில் ஊறிவிட்டது. கேமராவைத் தூக்குமுன் பக்கத்திலிருக்கும் உலோகத்தை அவன் கை தானாகத் தொடும். இங்கே பக்கத்திலிருந்த உலோகம் கத்தி. தொட்டான், படத்தில் அவன் ஐவிரல் ரேகையும் சோதிடன் பார்த்துப் பலன் சொல்லும் அளவுக்குத் துலங்கியது. ஆவுடைத்தாய் துடைத்தாள். மறுபடி கேமராவைத் தூக்கினான், மறுபடி தொட்டான்.

“வெடிக்கிற சாமானா தம்பி இது? அங்கன தொடாதீக!”

“பழகிப்போச்சுக்கா. தொடாம எடுத்தா கை நடுங்குது.”

அவள் தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். “அப்ப இதத் தொட்டுக்கோங்க.”

கரண்டியால் முதற்பகை அடங்க, இரண்டாம் பகை கத்திக்குள்ளிருந்தே கிளம்பியது. சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, கலைந்த தலை, கண்ணில் ஒற்றைக் கேமரா. எதிர்த்து நின்றவன் வேறு யாருமல்லன், பாலகுருவேதான். இவன் இடம் சாய்ந்தால் அவனும் சாய்ந்தான். இவன் பம்மினால் அவனும் பம்மினான். சரி போ என்று விலகிக்கொண்டாலோ, அந்த இடத்தில் மண்டபத்துச் சீரியல் லைட்டும், மிக்சிக் கம்பெனி பேனரும், டெல்லி அப்பளம் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்த சனமும் வந்து குடியேறின. பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு முகமல்லவா வந்து தொலைக்கிறது!

போதாக்குறைக்கு ஆவுடைத்தாய் ஒவ்வொரு முறை துடைத்தபின்னும் கத்திக்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். புதுக்கத்தியைப் பொட்டில்லாமல் பிறர் கண்ணில் காட்டுவது அவள் பட்டறையில் வழக்கமில்லை. கேமராவோ கண்ணிலெல்லாம் பெரிய கண்.

“பொட்ட அழிச்சிட்டு எடுத்தா கண்ணு பட்டுரும் தம்பி. முனை மழுங்கிரும்.”

“பொட்டோட எடுத்தா எல்லாரும் பொட்டத்தாங்க்கா பாப்பாக. கத்திய யாரு பாப்பா?”

அவன் அழிக்க, அவள் வைக்க, அவள் வைக்க, அவன் அழிக்க, கத்தி சிவந்தது. பாலகுருவின் கைக்குட்டை அதைவிடச் சிவந்தது. அந்நேரம் போன் அலறியது. “தம்பி, இலை போட்டாச்சு,” என்றார் லட்சுமிகாந்தம். “ரசத்துக்கு வாரதுக்குள்ள அனுப்பிரு.”

பாலகுருவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அந்த இக்கட்டில்தான் அவன் சித்தத்தில் ஒரு யோசனை உதித்தது: சுற்றிலும் வெள்ளையால் மூடிவிட்டால், கத்தி வெள்ளையைத் தவிர வேறு எதைக் காட்டும்?

“அண்ணாச்சி, பெரிய வெள்ளைத் துணி ஒண்ணு வேணும். உடனே!”

வெள்ளைத்துரை யோசிக்குமுன் ஆவுடைத்தாய் அவர் பையிலிருந்து, நிறைவு விழா மேடையில் கட்டுவதற்கென்று எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த புது வேட்டியை உருவினாள். இரு முனைகள் ஸ்டால் கம்பியில் ஏற, மறு முனைகளை வெள்ளைத்துரை தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க, மேசைமேல் வெண்கூடாரம் எழுந்தது. உள்ளே கத்தி, வெளியே கேமரா. நடுவில் வேட்டி.

“ஓட்டை போட்டாத்தான் கேமரா உள்ள பாக்கும்,” என்று பாலகுரு தயங்கினான்.

“அம்புட்டுத்தான?” ஆவுடைத்தாய் சின்னக் கத்தியை எடுத்தாள்.

“ஏ ஆவுட! மேடையில கட்டணும் அது!”

“கைய ஆட்டாதீக.”

ஒரே இழுப்பு. வேட்டி வாய் பிளந்தது. கூட்டம் ‘ஆகா’ என்றது. கையை இறக்கவும் முடியாமல், கண்ணை மூடவும் மனமில்லாமல் வெள்ளைத்துரை அரைக்கம்பத்துக் கொடிமரமாய் நின்றார்.

பாலகுரு ஓட்டையில் கேமராவை நுழைத்தான். சட்டை போயிற்று, லைட்டு போயிற்று, அப்பளம் போயிற்று. பௌர்ணமி நிலவாய்க் கத்தி வெளுத்துக் கிடந்தது. ஆனால் நட்டநடுவே ஒரு கரும்புள்ளி! கேமராவின் கண், தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது. அதை எந்த வேட்டியால் மறைப்பது? பாலகுரு கேமராவிலிருந்து முகத்தை எடுத்தான்.

“என்ன தம்பி?”

“கேமரா கண்ணு தெரியுதுக்கா.”

“கண்ணு பட்டுரும்னு அப்பமே சொன்னேன்ல! எங்கன தெரியுது?”

கூடாரத்துக்குள் அவள் கை நுழைந்தது. விரல்நுனியில் சந்தனம். “இன்னும் மேல... இங்கிட்டு... அங்கனதான்க்கா!” என்று அவன் கூவ, கருங்கண் விழுந்த அதே இடத்தில் சந்தனம் அமர்ந்தது, அதன்மேல் குங்குமம் அமர்ந்தது. புள்ளி மறைந்தது. அப்பழுக்கற்ற கத்தி, நெற்றியில் பொட்டோடு புதுப்பெண்ணாய்ச் சிரித்தது. பாலகுரு கரண்டியைத் தொட்டான். விரல் அசைந்தது. படம் பறந்தது.

லட்சுமிகாந்தம் ரசத்தில் கை வைத்தபடி மறுமொழி அனுப்பினார்: “அந்தப் பொட்டுதான் படமே. மிக்சியத் தூக்கிட்டேன்.”

அண்டம் குலுங்கியது, எதிர் ஸ்டால் மிக்சி சட்னியோடு வாயடைத்தது, வஞ்சினம் முடித்த வீரன் அடுத்தடுத்து டீ அருந்தினான். நிறைவு விழாவன்று பழைய வேட்டியோடு வெள்ளைத்துரை மேடையேறிப் பொன்னாடை பெற, கீழே பாலகுரு மலரைப் பிரித்து, உள்பக்கத்து மூலையில் எறும்பளவில் கிடந்த தன் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். பார்த்தவன் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரையும் பாடுவோம், அந்தப் பெயரையும் பாடுவோம், சிவகாசிச் சீமையில் அச்சுமை காயாதவரை பாலகுருவின் கொற்றம் ஓங்குக!

அடுத்த வாரம் பாலகுரு வெள்ளைத்துரைக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தான்.