பால் பவுடரும் பச்சை மீசையும்

டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள் கன்ட்ரோல் அக்கா. ஒரு சிட்டிகைப் பால் பவுடர் விழுந்தது. அதுவும் மனசில்லாமல்தான் விழுந்தது.

"தாடி! இங்க வா."

தாடி வந்தான். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஐந்தாவது வருடமாக அந்த ஆய்வகத்தில் இருப்பவன். சேர்ந்தபோது அவனுக்குத் தாடி கிடையாது.

"ஒரு மாசம் வரவேண்டிய டப்பா. பத்து நாள்ல காலி. என்ன சொல்ற?"

"எலியா இருக்குமோ அக்கா?"

"எலி மூடியைத் திருகித் திறந்து, தின்னுட்டு, மறுபடி இறுக்கமா மூடி வெக்குமா?"

"நல்ல குடும்பத்து எலின்னா வெக்கும்."

அக்கா காலி டப்பாவை அவன் கையில் திணித்தாள்.

ஒரு பால் பவுடர் டப்பாவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். விவரம் பின்வருமாறு. உயிரணுக்களிலிருந்து எடுத்த புரதங்களை இந்த ஆய்வகத்தில் ஒரு சவ்வுத் தாளில் வரிசையாக ஏற்றுவார்கள். அதில் தங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்க, பச்சையாக ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருளை அதன்மேல் ஊற்றுவார்கள். அது தன் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். இருட்டில் விளக்கடித்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு தெரியும். ஆனால் எதிர்ப்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலி இடம் எங்கே கண்டாலும் உட்கார்ந்துவிடும். ஆகவே, காலி நாற்காலிகளில் பையை வைத்து இடம் பிடிப்பதுபோல, தாளை முதலிலேயே கொழுப்பு நீக்கிய பாலில் ஊறவைத்துக் காலி இடங்களையெல்லாம் பால் புரதத்தால் நிரப்பிவிட வேண்டும். பால் இல்லாவிட்டால் கோடும் இல்லை. தாள் முழுக்கப் பச்சைதான்; இந்த வேண்டாத ஒளிர்வுக்கு ஆய்வகத்தில் 'பின்னணி' என்று பெயர்.

நிற்க. மறுநாள் நிதிக்குழுவிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. கோடு சுத்தமாக விழுந்திருந்தால் ஆய்வகத்துக்குப் புது மைக்ராஸ்கோப் கிடைக்கும். அந்த மைக்ராஸ்கோப்பின் படத்தை அக்கா தன் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள்.

"நம்ம கல்யாண போட்டோவை விடப் பெருசா இருக்கே?" என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார்.

"இதுல தெளிவு ஜாஸ்தி" என்றாள் அக்கா.

கன்ட்ரோல் அக்கா என்ற பெயர் அதிகாரத்தால் வந்ததல்ல. எந்தச் சோதனையைக் காட்டினாலும் "கன்ட்ரோல் எங்கே?" என்றுதான் கேட்பாள். அதாவது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் சேர்க்காமல் தனியே வைத்திருக்கும் மாதிரி எங்கே என்று. 'இந்தச் சட்டை எனக்கு நல்லா இருக்கா?' என்று கேட்ட வீட்டுக்காரரிடமே, 'சட்டை இல்லாம ஒரு தடவை நில்லுங்க, ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்' என்றவள்.

"டப்பாவை டீ ரூம் அலமாரியில வெக்கறதாலதானே தொல்லை? ஆய்வகத்துக்குள்ள கொண்டு வந்துடலாமே" என்றான் தாடி.

"இங்க ஈரம். கட்டி கட்டியாயிடும். அதுவும் இல்லாம, டப்பாவை ஒளிச்சு வெச்சா திருடன் ஒழிஞ்சிடுவானா? நாளைக்கு வேற எதையாவது எடுப்பான். ஆளைக் கண்டுபிடிக்கணும்."

"வாட்ச்மேன் டீ ரூமுக்கு எதிர்லதானே உக்காந்திருக்காரு. அவரைக் கேளுங்க."

"அவர் மேலயும்தான் சந்தேகம். சந்தேகப்படற ஆள்கிட்டயே போய்க் கேக்கறதா? என்னடா ஆராய்ச்சி பண்ற நீ?"

தாடி மேலும் சந்தேகம்தான் என்பதை அவள் சொல்லவில்லை. ஆய்வகத் தலைவரான டாக்டர் மேல் அதைவிடப் பெரிய சந்தேகம். டாக்டருக்கு டீ என்றால் உயிர். தினமும் பதினோரு மணிக்கு அக்காவின் வீட்டுக்காரர் பெரிய ஃபிளாஸ்க் நிறைய டீயை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். வாசனை பிடித்தாற்போல் டாக்டர் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார். அவருக்கு அரைக் கப், தாடிக்கு அரைக் கப், மீதி அக்காவுக்கு.

அன்றும் அப்படித்தான். ஊதி ஊதிக் குடித்தார் டாக்டர்.

"என்னம்மா, அடுப்புலேருந்து நேரா இறக்கின மாதிரி கொதிக்குது!"

"ரெண்டு பஸ் மாறிக் கொண்டு வராரு டாக்டர். ஃபிளாஸ்க் அப்படி" என்றாள் அக்கா பெருமையாக. "முன்னெல்லாம் ஆறிப் போய்த்தான் வரும். ஒருநாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். அதுலேருந்து இப்படித்தான். நான் இந்தக் கட்டடத்துல பச்சைத் தண்ணி கூடக் குடிக்கறதில்ல. எல்லாம் வீட்டு டீதான்."

மாலை புது டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு யாருடைய கைக்கடிகாரத்தையோ பிரித்துப் போட்டிருந்தார். ஃபிரிஜ்ஜைத் திறந்தால் பால் அப்படியே இருந்தது.

"பால் செலவே ஆகலையே?"

"நீதானே சிக்கனமா இருக்கச் சொன்ன."

அக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சொன்னால் கேட்கிற மனுஷன்.

மிக்ஸியில் மஞ்சள் மாத்திரைகளைப் போட்டு அரைக்கத் தொடங்கினாள். ஆய்வகச் சாயம் எதையும் மனிதர் வாய்க்குப் போகும் பொருளில் கலக்கக் கூடாது என்பதில் அவள் மிகவும் கண்டிப்பு. ஆகவே மருந்துக் கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கியிருந்தாள். அதுவும் புற ஊதா விளக்கில் பச்சையாகவே ஒளிரும்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு திருடனுக்கு."

"திருடனுக்கு எதுக்கு வைட்டமின்?"

"அதெல்லாம் ஆபீஸ் ரகசியம். நீங்க கடிகாரத்தைப் பாருங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சொன்னேனே, சொன்னால் கேட்கிற மனுஷன்.

மறுநாள் காலை மேற்படி டப்பா, மாத்திரைப் பொடியுடன் டீ ரூம் அலமாரியில் அப்பாவியாக உட்கார்ந்திருந்தது. சோதனைக்கென்று கலப்பில்லாத பவுடரைத் தனியே எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தாள் அக்கா. யாரிடமும் மூச்சு விடவில்லை.

பதினோரு மணி டீ முடிந்தது. டாக்டரை இருட்டறைக்குள் கூப்பிட்டாள்.

"ஒரு நிமிஷம் டாக்டர். விளக்கு சரியா எரியுதான்னு பாக்கணும்."

புற ஊதா டார்ச்சை அடித்தாள். டாக்டரின் வெள்ளைக் கோட்டு நீலமாகப் பளபளத்தது.

"ஐயோ, நான் ஒளிர்றேனே!"

"அது துணி சோப்பு டாக்டர். பின்னணி. பயப்படாதீங்க" என்றபடியே டார்ச்சை மேலே உயர்த்தினாள்.

டாக்டரின் மீசை, ஓர் இழை விடாமல், பச்சையாக எரிந்தது.

"டாக்டர்... நீங்களா?"

"நானா? என்ன நானா?"

"பால் பவுடர்."

"முப்பது வருஷமா ஆராய்ச்சி பண்றேன். பால் பவுடரைத் திருடித் திங்கற நிலைமைக்கா வந்துட்டேன்? அந்தத் தாடியைக் கேளும்மா!"

தாடியைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவன் மேல் டார்ச் விழுந்தது. வாயைச் சுற்றிப் புல்வெளி முளைத்ததுபோல் இருந்தது.

"கூட்டுக் களவாணிகளா!" என்றாள் அக்கா.

"டாக்டர், நீங்களா எடுத்தீங்க?" என்றான் தாடி.

"டேய், நீ எடுத்துட்டு என்னைக் கேக்கறியா? உன் மூஞ்சியைக் கண்ணாடில பாரு!"

"உங்க மீசையை விட என் மூஞ்சி பரவாயில்ல டாக்டர்!"

ஐந்து வருட மரியாதை அரை நிமிடத்தில் காற்றில் போயிற்று. திடீரென்று தாடி நிறுத்தினான்.

"அக்கா, அந்த டப்பாவுல எதையோ கலந்திருக்கீங்களா?"

"பின்ன? சும்மாவா பச்சையா எரியுது?"

"நான் காலையில அதுலதான் தாளை ஊற வெச்சேன்."

"எந்தத் தாளை?"

"இன்னிக்குக் காட்ட வேண்டிய தாளை."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். தாளில் கோடு இருந்திருக்கலாம். கடலில் மீன் இருப்பதுபோல. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே பச்சை. சமையலறைச் சுவரிலிருந்து மைக்ராஸ்கோப் படத்தைக் கிழித்தெடுக்கும் தன் கையை அக்கா மனக்கண்ணில் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் கதவைத் தட்டினார். "மேடம் வந்துட்டாங்க."

நிதிக்குழு மேடம் உயரமானவர். சிரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எப்போதோ ஒத்திப்போட்டு, அப்படியே மறந்துவிட்ட முகம். டாக்டர் வரவேற்றுப் பேசத் தொடங்கினார். மீசையைக் கையால் மூடிக்கொண்டிருந்ததால் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. நேரம் கடத்த அக்காவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"மேடம், முதல்ல டீ குடிங்க. எங்க வீட்டு டீ."

ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்து மிச்சத்தை ஊற்றிக் கொடுத்தாள். மேடம் ஒரு வாய் குடித்தார். புருவம் சற்று உயர்ந்தது.

"நல்லா இருக்கே. யார் போட்டது?"

"எங்க வீட்டுக்காரர்."

"குடுத்து வெச்சவங்க நீங்க" என்று கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்தார். "சரி, காட்டுங்க."

இனித் தப்பிக்க வழியில்லை. நான்கு பேரும் இருட்டறைக்குள் போனார்கள். விளக்கு எரிந்தது. தாள் பச்சைப் பசேலென்று கிடந்தது.

"இது பின்னணிங்க மேடம்" என்றார் டாக்டர், மெல்லிய குரலில்.

"பின்னணி மட்டும்தானே இருக்கு! கோடு எங்கே?" என்று மேடம் வாயைத் திறந்தார்.

இருட்டில் அவருடைய நாக்கு பச்சையாக ஜொலித்தது.

தாடிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, விக்கலாகி, மூக்கு வழியாக வெளியே வந்தது. டாக்டர் அதிர்ச்சியில் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அது தன் பங்குக்கு ஒளிர்ந்தது.

"என்ன நடக்குது இங்க?" என்றார் பச்சை நாக்கு.

அக்கா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். டப்பா, திருட்டு, மாத்திரை, மிக்ஸி, மீசை, தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ, இப்பத்தான் வாசப்படி ஏறின நானும் உங்க பால் பவுடரைத் திருடியிருக்கேன்?"

"அதுதாங்க மேடம் புரியல."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கன்ட்ரோல் எங்கே?"

இருபது வருடத்தில் அந்தக் கேள்வியை முதல்முறையாக ஒருவர் அக்காவிடம் கேட்டார். டாக்டரும் தாடியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை அந்தக் கணமே சமாதானமாயிற்று.

"நான்தான் மேடம் கன்ட்ரோல்" என்றாள் அக்கா, தலை நிமிர்ந்து. "அந்தப் பவுடர்ல ஒரு துளி கூட என் வாயில பட்டிருக்க வழியே இல்ல." டார்ச்சைத் திருப்பித் தன் முகத்தில் அடித்துக்கொண்டு நாக்கை நீட்டினாள்.

அறையே வெளிச்சமானதுபோல் இருந்தது. உதடு, நாக்கு, முகவாயில் வழிந்த ஒரு சொட்டு, எல்லாம் பச்சை. மற்ற மூன்று பேரையும் சேர்த்தால்கூட அத்தனை பச்சை வராது.

"அக்காதான் முதல் பரிசு" என்றான் தாடி.

டாக்டர் கண்ணாடியை எடுத்து நீட்டினார். அக்கா பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு டார்ச்சை அணைத்தாள்.

"கன்ட்ரோலே ஒளிருதுன்னா, முறையே தப்பு. இந்தச் சோதனை செல்லாது. டாக்டர், மன்னிச்சிடுங்க. தாடி, நீயும்டா. மேடம், தாளைக் கெடுத்ததும் நான்தான். இவங்க மேல தப்பில்ல."

இருட்டில் ஒரு விநோதமான ஓசை கேட்டது. கதவைத் திறந்து பார்த்தால், மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"எத்தனை ஆய்வகம் பார்த்திருக்கேன்! எல்லாரும் அழகழகா கோடு காட்டுவாங்க. 'என் கன்ட்ரோல் சொதப்பிடுச்சு, என் முறை தப்பு'ன்னு வாயைத் திறந்து, அதுவும் நாக்கை நீட்டி, சொன்ன ஒரே ஆள் நீங்கதான். இழுப்பறையில இருக்கற நல்ல பவுடரை வெச்சு மறுபடி செஞ்சு படத்தை அனுப்புங்க. மைக்ராஸ்கோப்புக்கு நான் இன்னிக்கே எழுதறேன். ஒரு நிபந்தனை. அடுத்த தடவை வரும்போதும் அந்த டீ வேணும்."

அன்று மாலை அக்கா படியில் இறங்கவில்லை, மிதந்தாள். மைக்ராஸ்கோப் வருகிறது. திருடன் பிடிபடாவிட்டால் போகிறான். வாசலில் வாட்ச்மேனைப் பார்த்ததும் மனசு உறுத்தியது.

"அண்ணே, உங்களையும் ரெண்டு நாளா சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"என்னையா? எதுக்கும்மா?"

"டீ ரூம் பால் பவுடர் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. யாரு எடுக்கறாங்கன்னே தெரியல."

வாட்ச்மேன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதென்னம்மா கேள்வி, வீட்ல போட்டா வர்றதுக்குள்ள ஆறிடுது, ஆறினா நீங்க முகத்தைத் தூக்கி வெச்சுக்கறீங்கன்னு, உங்க வீட்டுக்காரர்தானே தினம் வெறும் ஃபிளாஸ்க்கோட வந்து இங்கயே டீ போட்டு வெச்சுட்டுப் போறாரு!"