தோள் மட்டத்தில் முழங்கை

"முழங்கை இறங்குதும்மா. தோள் மட்டத்துக்குத் தூக்கு. ம்... இப்ப எறி!"

மனைவி எறிந்தாள். கூடத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்த மெத்தையில் சாக்பீஸ் வட்டம் ஒன்று காத்திருந்தது. பந்து அதைச் சட்டை செய்யாமல் ஒரு முழம் விலகிப் போய், அலமாரி மேலிருந்த பீங்கான் அன்னத்தின் கழுத்தைக் கொய்தது.

"ஐயையோ! உங்க பெரியக்கா ஆசையா குடுத்ததாச்சே!"

"அது கிடக்கட்டும். தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் அவர்.

தப்பு கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். லிஃப்ட் மெக்கானிக். அத்தனை மாடி உயரத்தில் இரும்புக் கயிறுகளுக்கு நடுவே நின்று வேலை பார்க்கிறவர், வீட்டு முக்காலியில் ஏறி பல்பு மாட்டப்போய் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தவருக்குப் பொழுது போகட்டுமே என்று மனைவி தன் பேஸ்பால் பயிற்சி வீடியோவைக் காட்டினாள். அங்கே பிடித்தது வினை.

அவளுக்குத் தபால் நிலையத்தில் பார்சல் பிரிக்கும் வேலை. முகவரியைப் பார்த்து, எதிர்ச்சுவர் ஓரம் வாயைப் பிளந்து நிற்கும் சாக்குப்பைகளில் துணிப் பார்சல்களை வீச வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்தே வீசிப் பழகிய கை, மைதானத்திலும் அப்படியே வீசியது. தபால் நிலைய அணியில் அவள் ஆடத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. ஆனால் சனிக்கிழமை வந்தால் யாராவது எங்காவது லிஃப்டில் மாட்டிக்கொள்வார்கள். அவர் ஓர் ஆட்டத்தையும் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தார். பதறிவிட்டார்.

"என்னம்மா இது, மாவு சலிக்கிற மாதிரி எறியற?"

"போய்ச் சேருதுங்களே."

"சேரும். தோள்பட்டை எத்தனை நாளைக்குத் தாங்கும்? வர்ற சனிக்கிழமை ஆஸ்பத்திரி டீமோட கடைசி ஆட்டம். அதுக்குள்ள சரி பண்ணிடலாம். நான் எதுக்கு இருக்கேன்?"

மனைவி அன்னத்தை, அலமாரியை, அவரை என்று ஒரு சுற்றுப் பார்த்தாள். "சரிங்க, சொல்லிக்குடுங்க" என்றாள். அன்று மாலையே மெத்தை எழுந்து நின்றது.

அன்னம் போன மறுநாள் பாடம் கீழிருந்து தொடங்கியது.

"எறியறது கையாலன்னு நினைக்கற இல்ல? தப்பு. காலால. முன்னங்கால் குறியைப் பார்த்து ஊனணும். உடனே இடுப்பு திரும்பணும். தோள் அவசரப்படக்கூடாது, ஒரு கண் இமைக்கிற நேரம் பின்தங்கணும். அந்த முறுக்குலதான் விசையே இருக்கு. துணி பிழியறப்போ ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு மறுமுனையைத் திருகறோமே, அது மாதிரி. அப்புறம் முழங்கை, அப்புறம் முன்கை, கடைசியா மணிக்கட்டு."

"இவ்வளவும் நடக்கறதுக்குள்ள ஓடறவங்க வீட்டுக்கே போயிடுவாங்க."

"கேலி பண்ணாதே. இடது கையை மார்போட இழு. அது எதிர்ப்பளு. லிஃப்ட் மேலே ஏறினா எதிர்ப்பளு இறங்குதில்ல? அதேதான். எறி!"

காலை ஊன்றினாள், இடுப்பைத் திருப்பினாள், இடது கையை இழுத்தாள். பந்து மெத்தைக்கு மேலே பறந்து கடிகாரத்தில் மோதியது.

அது அவரே செய்த கடிகாரம். பழைய லிஃப்டின் மாடி காட்டும் விளக்குகளையும் மணியையும் வைத்துக் கட்டியது. மணிக்கு மணி கூடத்தில் 'டிங்' என்று ஒரு லிஃப்ட் வந்து நிற்கும். கதவு மட்டும் திறக்காது. இப்போது அது கடைசியாக ஒரு முறை 'டிங்' என்று சொல்லிவிட்டுத் தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்தது.

"திரும்ப மாட்ட முடியுமாங்க?" என்று அவள் கவலையோடு கேட்டாள்.

"எங்கேம்மா? பல்சக்கரம் தூள் தூள்."

"அடடா!" என்றாள். சோபாவுக்கு அடியில் உருண்டிருந்த சுருள்வில்லைக்கூட விடாமல் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள்.

அவருக்கு மனம் கனத்தாலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. கூடத்தில் இடம் போதவில்லை. எறிந்த பிறகு கை ஓடி நிற்க வழியில்லை. அதுதான் கோளாறு. மறுநாள் ஊன்றுகோலோடு பின்புறச் சந்துக்குப் போனார். மதில்மேல் புதிதாக வட்டம் போட்டார்.

"பந்து போனதும் கையை வெடுக்குன்னு நிறுத்தாதே. எந்த லிஃப்டும் சடக்குன்னு நின்னா உள்ளே இருக்கறவங்க பல்லு போயிடும். கை தானா எதிர்ப்பக்க முட்டிவரைக்கும் இறங்கி அடங்கட்டும்."

கை அழகாக இறங்கி அடங்கியது. பந்து அழகாக மேலே ஏறியது. மாடிவீட்டுக்காரர் ஜன்னலில் தொங்கவிட்டிருந்த இரும்புக் காற்றுமணி, ஊரையே எழுப்பும் ஓசையோடு அறுந்து விழுந்தது.

மாடிவீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். "என்ன சார் அக்கிரமம் இது! காத்தடிச்சா எவ்வளவு இனிமையா இருக்கும் தெரியுமா?"

"மன்னிச்சுக்கோங்க சார். பந்தை விரல் சீக்கிரம் விட்டுடுச்சு. சீக்கிரம் விட்டா மேலே போகும், தாமதிச்சா தரையில குத்தும். உங்க கையைக் கொஞ்சம் தூக்குங்களேன், காட்டறேன்..."

சண்டைக்கு வந்தவர் தன் முழங்கையைத் தோள் மட்டத்தில் பிடித்தபடியே யோசனையோடு படியேறிப் போனார்.

கணவர் மதிலில் போட்ட வட்டத்தை அழித்துவிட்டு உள்ளே வந்தார். மெக்கானிக் உலகத்தில் ஒரு பாவம் உண்டு: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் திறப்பது. அதைத்தான் செய்திருக்கிறார். வீட்டுப் பொருள் போனால் போகட்டும். சனிக்கிழமை காலையில் அணித் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவள் முகத்தில் வரும் களை! அதைக் கெடுத்தது அவர்தானே?

"பழையபடியே எறிஞ்சுடும்மா" என்றார் வெள்ளிக்கிழமை.

"பழசு மறந்துபோன மாதிரி இருக்குங்களே" என்று அவள் முகத்தைத் தொங்கப்போட்டாள்.

சனிக்கிழமை அவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மைதானத்துக்கே போய்விட்டார். அணித்தலைவி தபால்தலை கவுண்டரில் இருப்பவர். ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரும் அவரே. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் ரகசியமாகச் சொன்னார்.

"அவ கையை நான் கெடுத்துட்டேன்மா. தூரத்துல நிறுத்தாதீங்க. தோத்தா பழி அவமேல விழும்."

"இருங்கண்ணே, கூப்பிடறாங்க. அப்புறம் பேசலாம்" என்று தலைவி ஓடிவிட்டார்.

மனைவி மைதானத்தின் கடைசிக் கோடியில் போய் நின்றாள். அவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கடைசிச் சுற்று. தபால் நிலையம் ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர் அடித்த பந்து உருண்டு உருண்டு நேரே மனைவியிடம் போனது. மூன்றாவது பேஸில் நின்ற கம்பவுண்டர், தலைவி இருக்கும் இடத்தை நோக்கி ஓட்டம் பிடித்தார். அவர் வந்து சேர்ந்தால் ஆட்டம் சமன்.

"முழங்கை! முழங்கை!" என்று கணவர் தன்னை மறந்து கத்தினார்.

முழங்கை இடுப்பருகே இருந்தது. கால் ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம். சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூட இல்லை. பார்சல் வீசுவதுபோல வீசினாள். பந்து கோடு கிழித்தாற்போல வந்து தலைவியின் கையுறைக்குள் பொத்தென்று உட்கார்ந்தது. கையுறை இம்மிகூட நகரவில்லை. கம்பவுண்டர் அவுட்; தபால் நிலையம் ஜெயித்தது.

கணவர் ஒற்றைக்காலில் குதித்துக் குதித்துத் தலைவியிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"கடவுள் புண்ணியம்மா! வெறும் அதிர்ஷ்டம்! இந்த வாரம் முழுக்க வீட்டுல எறிஞ்சதுல ஒண்ணுகூட குறியில படல!"

தலைவி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவரை வியப்போடு பார்த்தார்.

"என்னண்ணே சொல்றீங்க? இத்தனை வருஷமா நான்தான் பிடிக்கறேன், அக்கா குறி தப்பி எறிஞ்சு ஒரு நாளும் பார்த்ததில்லையே!"