சூறாவளியின் ஐந்தாவது அண்டம்

உலகைக் காப்பாற்றுவது எளிது. காப்பாற்றுகிறவள் பெண்ணாக இருந்தால், அவளுக்கு ஒரு வரலாறு தயாரிப்பதுதான் கடினம். அந்த அரும்பணியைச் சளைக்காமல் செய்துவந்தது ஒரு சித்திரக்கதை நிறுவனம். அதன் நாயகி சூறாவளி, நான்கு அண்டங்களில் பிறந்து நான்கிலும் செத்திருந்தாள்.

ஏன் சாகவேண்டும்? நாயகன் பாறைமார்பனுக்குக் கோபம் வரவேண்டும். கோபம் வராமல் அவன் யாரையும் அடிப்பதில்லை; பண்பாளன். அவள் செத்தால் அவன் பொங்குவான், புத்தகம் விற்கும். விற்பனை படுத்துவிட்டால், அட்டையில் ‘மாற்று அண்டம்’ என்று போட்டு அவளை மறுபடி பிறக்கவைப்பார்கள். பெண்களுக்கு மறுவாழ்வு அளிப்பதில் அந்த நிறுவனத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இன்னொரு கண்ணியமும் உண்டு. சிறுவர்கள் படிக்கிற புத்தகம் என்பதால் ‘சாவு’ என்ற சொல்லையோ அதன் உறவுக்காரச் சொற்களையோ அச்சில் விடமாட்டார்கள். சாவதெல்லாம் படத்தில்தான். வசனத்தை எல்லோரும் எழுத்தெண்ணிப் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள். படத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. “அதான் தெரியுமே!” என்பார்கள்.

படம் வரைபவர் ஒரு பெண். சூறாவளி பிறந்தால் ஓவியரைக் கூப்பிடுவார்கள். செத்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். பாறைமார்பனின் மற்ற கதைகளை வரைய வேறொருவர் இருந்தார். அவருக்கு நிரந்தர வேலை, சக்கரம் வைத்த நாற்காலி. ஓவியருக்கு ஸ்டூல்.

ஐந்தாம் அண்டத்துக்கான கூட்டத்தை ஆசிரியர் தொடங்கிவைத்தார்.

“இதுதான் கடைசி. இதுக்கப்புறம் அண்டம் கிடையாது. ஸ்டாக் இல்லை.”

இந்தத் தடவை சூறாவளி செத்தால் ஓவியரைத் திரும்பக் கூப்பிடமாட்டார்கள்.

“அப்ப இதுலயாவது அவ உயிரோட இருக்கட்டுமே சார்?”

“தாராளமா இருக்கட்டும்மா. கடைசிப் பக்கம் வரைக்கும் யார் வேணாம்னாங்க?”

அடுத்து, சூறாவளிக்குப் பலம் எப்படி வந்தது என்ற கேள்வி.

“அப்பா செத்துடறார். துக்கத்துல பலம் வந்துடுது,” என்றார் கதாசிரியர்.

“அப்பாவைத்தான் போன தடவையே தீர்த்துட்டோமே,” என்றார் ஆசிரியர்.

“அப்ப புருஷன்.”

“கல்யாணம் ஆனவள்னு தெரிஞ்சா பசங்க வாங்க மாட்டாங்க,” என்றார் விற்பனை அதிகாரி.

“சரி, கட்டிக்கப்போறவன். அவன் சாகட்டும்.”

“ஆங், அது பொருத்தம்!”

ஓவியர் மெல்லக் கேட்டார். “யாரும் சாகாமலே அவளுக்குப் பலம் இருந்தா என்ன சார்?”

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“காரணமே இல்லாம ஒரு பொண்ணுக்கு எப்படிம்மா பலம் வரும்?”

“பாறைமார்பனுக்கு எப்படி வந்துச்சு?”

“அவனுக்கு எதுக்கும்மா காரணம்? அவன்தான் பாறைமார்பனாச்சே!”

மூவரும் தலையாட்டினார்கள். இவ்வளவு தெளிவான விளக்கத்தை ஓவியர் அதுவரை கேட்டதில்லை.

“அப்புறம், பறக்கவேண்டாம்,” என்றார் விற்பனை அதிகாரி. “முடி கலையுது. கட்டடம் எதையாவது தாங்கறப்போ கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கட்டும்.”

“தாங்கறப்போ யார் சார் சிரிப்பாங்க?”

“எங்க வீட்டம்மா ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பாளா, கேட்டுப் பாருங்க!”

“நீங்க பார்த்திருக்கீங்களா?”

“நான் எப்பம்மா வீட்ல இருந்திருக்கேன்?”

கடைசிப் பக்கம் ஏகமனதாக நிறைவேறியது. கட்டடம் சரிகிறது. சூறாவளி பாறைமார்பனின் மடியில் உயிர்விடுகிறாள். அவன் வசனம்: “என்னை விட்டுப் போகாதே!” அவள் வசனம்: “அழாதே.” கீழே ஒரு வரி: “பாறைமார்பன் தேம்பித் தேம்பி அழுதான்.” சொல்லுக்குச் சொல் சரிபார்த்து, மூவரும் கையெழுத்திட்டார்கள்.

ஓவியர் ஸ்டூலில் உட்கார்ந்து வரையத் தொடங்கினார். மடியை வரைந்தார், அழித்தார். அவளை நான்கு தடவை கிடத்திய கை இந்தத் தடவை அவளைக் கிடத்த மறுத்தது. எழுந்து நிற்கவைத்தார். சரிகிற கட்டடத்தை அவள் ஒரு தோளில் வாங்கிக்கொண்டாள். மறு கை சும்மாதானே இருக்கிறது என்று அதில் பாறைமார்பனைத் தூக்கிக் கொடுத்தார். தடுப்பூசி போட்ட குழந்தையைப்போல் இடுப்பில் பொருந்தி உட்கார்ந்தான். தலைமுடி நன்றாகவே கலைந்திருந்தது, அவளுக்கு. முகத்தில் சிரிப்பு இல்லை.

வசனத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. “என்னை விட்டுப் போகாதே!” “அழாதே.” பாறைமார்பன் தேம்பித் தேம்பி அழுதான்.

ஆசிரியர் எழுத்தைப் பார்த்தார். படம்தான் தெரியுமே. அச்சுக்குப் போனது.

கடைகளில் புத்தகம் பறந்தது. மறுபதிப்பும் போதவில்லை. பையன்கள் வாங்கினார்கள், தங்கைகள் பிடுங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் மூவரும் படத்தைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பாராட்டு விழா வைத்தார்கள்.

“அவளை வாழவைக்கணும்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டேன்,” என்றார் ஆசிரியர், மைக்கில். சிறப்பு மலரில் ‘சூறாவளியின் வரலாறு’ வெளியானது. பெற்றெடுத்தவர்: ஆசிரியர். வளர்த்தவர்: கதாசிரியர். உயிர் காத்தவர்: விற்பனை அதிகாரி. ஓவியரையும் மறந்துவிடவில்லை. விழாப் படத்தில், மலர்க்கொத்துக்குப் பின்னால், அவருடைய ஒரு காது தெரிந்தது.

சூறாவளி உயிரோடிருந்ததால் ஓவியரை வீட்டுக்கு அனுப்ப வழியில்லாமல் போயிற்று. மறு வாரமே கூட்டம்.

“ஸ்டாக்ல இன்னொரு அண்டம் இருந்துச்சும்மா,” என்றார் ஆசிரியர், பெருமையாக. “ஆனா பலத்துக்குப் புதுசா ஒரு காரணம் வேணும். இந்தத் தடவை யாரைச் சாகடிக்கலாம்?”

ஓவியர் பென்சிலைச் சீவினார். நிதானமாக, கூர் வரும்வரை சீவினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

காரணமில்லாமல் பெண்ணுக்குப் பலம் வராது என்று அவர்கள் சொன்னதில் தவறேயில்லை. எதிரில், சக்கரம் வைத்த நாற்காலிகளில், காரணங்கள் மூன்றும் சாய்ந்து உட்கார்ந்திருந்தன.